பஞ்சு திறந்து பார்த்தவை

யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் ஆரம்பித்தால் எனக்கே கை ஓடாது.

இடம், எங்கள் பேருந்துப் பணிமனையின் குழந்தைகள் காப்பகம். டயர் கிடங்குக்கும் கேன்டீனுக்கும் நடுவில் தகரக்கூரை போட்ட ஒற்றை அறை. வண்டி ஓட்டப் போகிறவர்களும் கழுவப் போகிறவர்களும் தங்கள் பிள்ளைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். அறையின் நடுவே தரையில் சாக்பீஸால் வரைந்த பெரிய தட்டு. பேருந்து டயர் ஒன்றை உருட்டிவந்து படுக்கவைத்து அதைச் சுற்றிக் கோடு இழுத்தது, ஆகையால் வட்டம் பிசகில்லாமல் இருந்தது. தட்டைச் சுற்றிப் பிள்ளைகள். தட்டின் தலைமாட்டில், குட்டை முக்காலியில் டீச்சர். ஜன்னலை ஒட்டிய பெஞ்சில், பாதி உட்கார்ந்தும் பாதி எழுந்தும் கேன்டீன் சமையல் மாஸ்டர். வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு அவருடைய மச்சான், இன்ஜின் மெக்கானிக். கையெல்லாம் கிரீஸ் என்பதால் அவருக்கு உள்ளே வர அனுமதி கிடையாது. அவருக்குப் பின்னால், நேரக் காப்பாளர் அறையிலிருந்து எட்டிப் பார்க்க வந்து அங்கேயே நின்றுவிட்ட நான். மாஸ்டரின் மனைவி, நாங்கள் டிரைவரம்மா என்று கூப்பிடுகிறவர், அங்கே இல்லை. அவர் ஓட்டுகிற வண்டி அப்போது பாதையில் இருந்தது.

மாஸ்டரின் மகள் மட்டும் மற்றப் பிள்ளைகளைப்போல் தட்டுக்கு வெளியே உட்காரவில்லை. தட்டுக்குள்ளேயே, சோற்றுக்கென்று ஒதுக்கிய கால்பாகத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறந்தபோது மெத்துமெத்தென்று இருந்ததால் பஞ்சு என்று தாய்மாமன் கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. நாலு வயதில் அந்தப் பெயர் வேறு விதமாகப் பொருந்தியது. தூக்கினால் கையில் கனமே தெரியாது.

அந்தத் தட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதி வட்டம் காய்க்கும் பழத்துக்கும். மீதிப் பாதியில் ஒரு கால் சோற்றுக்கும் ரொட்டிக்கும், இன்னொரு கால் பருப்புக்கும் முட்டைக்கும் மீனுக்கும். டீச்சர் காலையில் மரப்பெட்டி நிறையக் காய்கறி கொண்டுவந்து வைப்பார். பிள்ளைகள் கழுவுவார்கள், முகர்வார்கள், கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள், எது எந்தப் பாகத்துக்குப் போகும் என்று சண்டை போட்டுக்கொண்டு கொண்டுபோய் வைப்பார்கள். 'சாப்பிடு' என்ற சொல் மட்டும் அந்த அறையில் புழங்காது. யார் சொன்னாலும் டீச்சர் உதட்டின்மேல் விரலை வைப்பார். அந்த விரலுக்குப் பணிமனை மேலாளரே அடங்கினார்.

அன்றைக்குப் பை விளையாட்டு. கறுப்புத் துணிப்பைக்குள் ஒரு காயைப் போட்டு, பார்க்காமல் கைவிட்டுத் தடவி, என்னவென்று சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு அது உயிர்.

"உள்ள பாம்பு இருக்கு டீச்சர்," என்றான் டயர் என்று கூப்பிடப்படுகிற குண்டுப் பையன்.

"பாம்புக்குக் காம்பு இருக்குமாடா?"

அவன் தோள்வரை கையை விட்டுத் துழாவினான். "இருக்கு. கத்திரிக்கா."

எல்லோரும் கைதட்டினார்கள். பை பஞ்சுவிடம் வந்தது. அவள் பையின் வாயைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள். பயந்த குழந்தை கண்ணை மூடிக்கொள்ளும், அல்லது காதைப் பொத்தும். இவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே, பொத்திய கைக்குள்ளிருந்து, "ஒளிச்சு வெச்சிருக்கு" என்றாள்.

டீச்சர் பையை மெதுவாக மடியில் இறக்கினார். பஞ்சுவைப் பார்க்கவில்லை. பெஞ்சில் இருந்த மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் தோளில் போட்டார்.

"உலை கொதிக்குது," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். உலை கொதிக்கிற நேரம் அது இல்லை.

இந்த வீட்டுக்கு என்ன வந்திருந்தது என்று பணிமனையில் எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்தில் பஞ்சுவுக்குக் காய்ச்சல் வந்து வாயெல்லாம் புண்ணாகிப்போனது. புண் ஆறியும் அவள் வாய் திறக்கவில்லை. வெறும் சோறு, பால், ரொட்டி. பிறகு சோறும் போயிற்று. கண்முன்னே பாக்கெட்டை வெட்டி ஊற்றினால்தான் பால். ரொட்டி என்றால் பிய்த்து, உள்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு கடி. கடைசி நிறுத்தத்து ஊரில் குழந்தைகள் டாக்டர் ஒருவர் இருக்கிறார், பொறுமையான பெண்மணி. இரண்டு தடவை காத்திருந்து பார்த்தவர், மூன்றாம் தடவை எடை பார்த்ததும் வருகிற திங்கட்கிழமைக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை எழுதிவிட்டார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு ஆகாரம் ஏற்ற வேண்டும், உடம்பு இதற்குமேல் தாங்காது என்று சொல்லி, மாஸ்டரின் கையையும் டிரைவரம்மாவின் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாராம்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

மதியப் பந்தி முடிந்ததும் டீச்சர் கேன்டீனுக்கு வந்தார். நானும் மெக்கானிக்கும் கடைசி மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாஸ்டர் குனிந்து பெரிய அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்டா தேய்ப்பது அவர் வேலையே இல்லை.

"மாஸ்டர், தலைய வெளிய எடுங்க," என்றார் டீச்சர். "என்ன ஒளிச்சு வெச்சீங்க?"

அண்டாவுக்குள் தேய்க்கிற சத்தம் கூடிற்று.

"நானா கேக்கல. உங்க பொண்ணு கேக்கறா."

மாஸ்டர் நிமிர்ந்தார். கையில் நார், முழங்கைவரை கரி. "டீச்சர், நான் ஒரு நாளைக்கு எத்தன பேருக்குச் சமைக்கிறேன் தெரியுமா? இந்த டிப்போவுல பாதி பேருக்குக் கீரை புடிக்காது. ஒருத்தனுக்கும் தெரியாம பருப்புல கடைஞ்சு ஊத்திருவேன். அள்ளி அள்ளிச் சாப்பிடுவானுங்க. இதோ இவரு இருக்காரே, பாகக்கா பேரச் சொன்னாலே ஓடுவாரு." என்னைக் காட்டினார். "நேத்து என்ன சாப்பிட்டாரு கேளுங்க."

நான் தட்டைப் பார்த்தேன்.

"அதனால?" என்றார் டீச்சர்.

"அதனால... அதே கைதான டீச்சர். புள்ள வெறும் சோறு திங்குதேன்னு, பூசணிக்காய வேக வெச்சு, மையா அரைச்சு, துணியில வடிகட்டி, சோத்தோட பிசைஞ்சேன். நிறம் தெரியக் கூடாதுன்னு பால ஊத்தினேன். ஒரு சொட்டு மஞ்சள் தெரியல. மொத நாள் சாப்ட்டா. ரெண்டாம் நாள் முட்டையும் சேத்தேன்."

மெக்கானிக் சாப்பிடுவதை நிறுத்தினார். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறதுன்னு சொல்லுவாங்க. பேச்சுக்குத்தான் சொல்றாங்கன்னு நெனச்சேன் மச்சான். நீங்க நெஜமாவே செஞ்சிருக்கீங்க."

"நீ சும்மா இருப்பா."

"மூணாம் நாள்?" என்றார் டீச்சர்.

"மூணாம் நாள் பூசணி நார் ஒண்ணு தப்பிருச்சு. இத்தனூண்டு. நாக்குல எடுத்து, விரல்ல வெச்சு, என்கிட்டக் காட்டினா. ஒண்ணும் பேசல டீச்சர். அழல. காட்டினா, அவ்வளவுதான். அதுக்கப்புறம் வாய மூடினவதான்."

நார் பிடித்திருந்த கை தொங்கியது. அவருக்குப் பின்னால் சமையலறைக் கதவருகே, காக்கிச் சட்டையும் கையில் டீ டம்ளருமாக டிரைவரம்மா நின்றிருந்தார். வண்டி வந்து நின்ற சத்தம் எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. எத்தனை நேரமாக நிற்கிறார் என்றும் தெரியவில்லை.

"என்கிட்டயும் சொல்லல நீங்க," என்றார்.

"சொன்னா திட்டுவ."

"இப்ப மட்டும் கொஞ்சுவேனா?" டம்ளரை வைத்துவிட்டு வந்து கணவருக்கு எதிரே உட்கார்ந்தார். நாங்கள் வசவை எதிர்பார்த்தோம். அவர் தன் தம்பி மெக்கானிக்கை நோக்கித் திரும்பினார். "டேய், காலைல நான் வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி என்ன பண்றேன்?"

"சுத்தி வருவ. டயரத் தட்டுவ. பிரேக்க மிதிப்ப. ஆயில் பாப்ப."

"முந்தின ராத்திரி யாரு வேல பாத்தது?"

"நாந்தான்."

"கூடப் பொறந்த தம்பி 'எல்லாம் சரியா இருக்கு அக்கா'ன்னு சொன்னாலும் நான் பாக்காம ஏறறதில்ல. ஏன்னா ஒரு தடவ, புதுசா இருந்தப்ப, பாக்காம ஏறினேன். பாலத்துக்கிட்ட பிரேக் புடிக்கல. வண்டில ஆளுங்க இருந்தாங்க." மாஸ்டரைப் பார்த்தார். "நாம புடிவாதம்னு நெனச்சோம்ல? ரொட்டியப் பிச்சுப் பிச்சுப் பாக்கறாளேன்னு நான்கூட ஒரு அடி போட்டேன். அவ டயரத் தட்டிப் பாத்திருக்கா. வேற ஒண்ணுமில்ல."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் சேத்தி," என்றார். "வாராவாரம் பைக்குள்ள ஒளிச்சு வெச்சு அவ முன்னால நீட்டியிருக்கேன். எனக்கு ரொம்பப் புடிச்ச விளையாட்டு அது." பிறகு விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். "மாஸ்டர், நாளான்னைக்கு எனக்குச் சாமான் வேணும். மூடியிருக்கறது எல்லாம். தோலோட, ஓட்டோட, மட்டையோட. பட்டாணி உரிக்காம. முட்டை அவிச்சு, ஓடு எடுக்காம. மாதுளை, சோளக்கதிர், கோஸு. கத்தி படக் கூடாது. புள்ளைங்க கையால திறக்கற மாதிரி இருக்கணும்."

"கொண்டாறேன்."

"நீங்களும் வரணும். வந்து அவகிட்ட சொல்லணும்."

"என்னன்னு?"

"செஞ்சத."

"நாலு வயசுப் புள்ளகிட்டயா?"

"அவகிட்டதான செஞ்சீங்க."

மாஸ்டர் துண்டைத் தேடினார். அது தோளில்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலையிலிருந்தே மழை. தகரக்கூரையில் யாரோ கூடை கூடையாகக் கொட்டுவதுபோல் சத்தம். வண்டிகள் சேற்றை வாரிக்கொண்டு உள்ளே வந்தன. மழைக்கு வண்டிகள் தாமதமாகும் நாளில் நேரக் காப்பாளன் இடத்தை விட்டு எழக் கூடாது. நான் எழுந்து போனேன். மெக்கானிக் எனக்கு முன்பே வாசலில் நின்றிருந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார், ஆனாலும் உள்ளே போகவில்லை. டிரைவரம்மா காலை வண்டியை முடித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே, சாரல் படும் இடத்தில் நின்றார். மகள் தன்னைப் பார்த்தால் காரியம் கெடும் என்று நினைத்தாரோ என்னவோ.

தட்டின் நடுவே எல்லாவற்றையும் குவித்திருந்தார்கள். இத்தனை நாள் நான் தின்ற பொருள்கள்தான். மூடியபடி ஒன்றாகக் குவிந்து கிடந்தபோது ஒன்றுகூடத் தெரிந்ததுபோல் இல்லை. ஒவ்வொன்றும் தன் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தது.

"இன்னைக்கு ஒரே வேலைதான்," என்றார் டீச்சர். "எத வேணா எடுங்க. திறங்க. உள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க."

முதலில் கூச்சல். பிறகு கூச்சல் தானாக அடங்கிற்று. ஒரு பெண் குழந்தை சோளக்கதிரின் மட்டையை உரித்தாள். பச்சைக்குள் வெளிர்பச்சை, அதற்குள் வெள்ளை, வெள்ளைக்குள் ஈரமான பட்டுநூல் கற்றை. நூலை விலக்கியதும் முத்து வரிசைகள். அவள் இரண்டாவது மட்டையை உரிக்க மறந்து, கதிரை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒருவன் கோஸை இலை இலையாகப் பிரித்தான். "எப்ப முடியும் டீச்சர்?" என்று கேட்டான். "நீயே பாரு," என்றார். இலை சின்னதாகிக்கொண்டே போயிற்று. சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் நகக்கண் அளவு இலைகூட ஒன்றையொன்று கட்டிக்கொண்டிருந்தது. டயர் மாதுளையைத் தரையில் போட்டு, ஏறி உட்காரப்போனான். டீச்சர் பிடித்து நிறுத்தி, மேல்தோலில் நகத்தால் கோடு போட்டுக் காட்டினார். பழம் இரண்டாகப் பிளந்தது. அறைகள், அறைகளுக்கு நடுவே மெல்லிய மஞ்சள் திரை, ஒவ்வொரு அறையிலும் சிவப்புக் கண்ணாடி அடைத்து வைத்ததுபோல.

"மாமா," என்று வாசலைப் பார்த்துக் கத்தினான். "உள்ள இன்ஜினு."

மெக்கானிக் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "இத எவன்டா பூட்டினான்?" என்றார். குரல் விளையாட்டாக வரவில்லை. இத்தனை வருஷமாக மூடியதைத் திறந்து திறந்து பார்ப்பதே தொழிலாகக் கொண்டவர். ஒரு மாதுளைக்கு அப்படி நின்று நான் அவரைப் பார்த்ததில்லை.

பஞ்சு தன் கால்பாகத்தை விட்டு நகரவில்லை. அவள் காலருகே ஒரு பட்டாணிக் காய் உருண்டு கிடந்தது. எடுத்தாள். இரண்டு முனையையும் பார்த்தாள். காதில் வைத்து ஆட்டினாள்.

அப்போதுதான் மாஸ்டர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து தரையில் உட்கார்ந்தார். கனத்த ஆள், முழங்கால் இரண்டும் சடசடத்தன. மழைச் சத்தத்தில் அவர் பேசியது எங்களுக்குப் பாதிதான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் முழுக்கக் கேட்டது.

"பஞ்சு. அன்னைக்கு அப்பா சோத்துல பூசணிக்கா அரைச்சுப் போட்டேன். முட்டையும் போட்டேன். உனக்குத் தெரியாம போட்டேன்."

"தெரியும்," என்றாள் அவள். பட்டாணிக் காயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ம்," என்றார் மாஸ்டர்.

"பால்ல?"

மாஸ்டர் டீச்சரைப் பார்த்தார். அங்கிருந்து உதவி வரவில்லை. "பால்லயும். ஒரு நாள். கேரட்டுச் சாறு."

"ரெண்டு நாள்."

அவர் யோசித்தார். உதடு அசைந்தது, எண்ணிப் பார்த்தார் போலிருக்கிறது. "ஆமா," என்றார். "ரெண்டு நாள்."

பாலில் கலந்ததை மாஸ்டர் எங்களில் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே டிரைவரம்மா நெற்றியைக் கம்பியில் சாய்த்துக்கொண்டார். நாலு வயதுக் குழந்தை, வாயைத் திறக்காமல், யாரிடமும் முறையிடாமல், இத்தனை வாரம் அந்தக் கணக்கை நாக்கிலேயே வைத்திருந்தது.

"இனிமே?" என்றாள்.

"இனிமே உன் கண்ணு முன்னாடிதான். நீ பாத்தப்புறம்தான்."

பஞ்சு தலையாட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. பட்டாணிக் காயின் முதுகில் நகத்தை வைத்து அழுத்தினாள். நகம் வழுக்கிற்று. மறுபடியும் அழுத்தினாள். ஒரு நிமிஷத்தில் மூட்டை மூட்டையாக உரித்துத் தள்ளுகிற கை பக்கத்திலேயே இருந்தது. அது தானாக நீண்டது. டீச்சரின் விரல் உதட்டுக்குப் போயிற்று. மாஸ்டர் கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாவது தடவை, டப்பென்று சின்னச் சத்தம்.

காய் திறந்தது. உள்ளே பட்டாணிகள் வரிசையாக. எத்தனையோ மூட்டைப் பட்டாணி இந்தப் பணிமனைக்குள் வந்து போயிருக்கிறது, நான் ஒன்றையும் இப்படிப் பார்த்ததில்லை. ஒவ்வொன்றும் ஒரு சின்னக் காம்பால் தோட்டில் தொற்றியிருந்தது. ஒன்று இந்தப் பக்கத் தோட்டில், அடுத்தது அந்தப் பக்கத்தில், அதற்கடுத்தது மறுபடி இந்தப் பக்கத்தில். ஓரத்தில் இருந்தது சின்னது, நடுவில் இருந்தவை பெரியவை. நெருக்கிக்கொள்ளாமல், ஒன்றின் இடத்தில் இன்னொன்று கால் நீட்டாமல் அவை உள்ளே இருட்டில் இத்தனை நாள் இப்படி உட்கார்ந்திருந்தன. யாரும் பார்க்காதபோதும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தன.

பஞ்சு ஒன்றை எடுத்தாள். அதன் தோலைக் கிள்ளி உரித்தாள். கண்ணாடிபோல் வந்தது. உள்ளே இருந்தது இரண்டு பாதியாகப் பிரிந்தது. ஒரு பாதியின் விளிம்பில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கக் கண்டு, மூக்குக்கு அருகில் கொண்டுபோனாள்.

"உள்ள இன்னொண்ணு இருக்கு."

டீச்சர் முக்காலியை விட்டு இறங்கி மண்டிபோட்டு வந்தார். பிள்ளைகள் கோஸையும் கதிரையும் போட்டுவிட்டு வந்து குனிந்தார்கள். தலைகள் மோதிக்கொண்டன. வெளிர்நிறத்தில், வளைந்த, மூக்குத்தித் திருகாணி அளவுகூட இல்லாத ஒன்று.

"அது செடி," என்றார் டீச்சர்.

"இவ்வளவு சின்னதா?"

"இவ்வளவு சின்னதா."

பஞ்சு வெகுநேரம் பார்த்தாள். "யாரு ஒளிச்சு வெச்சா?"

டீச்சருக்குத் தெரிந்திருந்தது, இந்த ஒரு பதிலில் தவறினால் எல்லாம் போய்விடும் என்று. "யாரும் வெக்கல பஞ்சு," என்றார். "அது அங்கதான் இருக்கும். எல்லாத்துலயும் இருக்கும். நீ எத திறந்தாலும்."

அவள் நம்பவில்லை. இன்னொன்றைத் திறந்தாள். இருந்தது. வேறொரு காயை எடுத்து, அதைப் பிளந்து, அதன் கடைசிச் சிறு பட்டாணியைத் திறந்தாள். அதிலும் இருந்தது. மழை கொஞ்சம் ஓய்ந்து மறுபடி பிடித்தது. டிப்போவில் எவனோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான், என் அறையில் ஆளில்லை என்று. நான் போகவில்லை.

"பட்டாணி எங்க போகும் டீச்சர்?" என்றான் டயர். "பச்சையா இருக்கு. காயிலதான?"

"பருப்பு மாதிரி ரெண்டா ஒடையுது," என்றாள் சோளக்கதிர்ப் பெண். "பருப்புலதான்."

"காயி."

"பருப்பு."

பஞ்சு எழுந்தாள். வெறும் தோட்டைக் கொண்டுபோய்க் காய்ப் பக்கத்தில் வைத்தாள். உடைத்த பட்டாணியின் ஒரு பாதியைப் பருப்புப் பக்கத்தில் வைத்தாள். சண்டை தீர்ந்தது. கையில் இன்னொரு பாதி மிச்சமிருந்தது. தட்டைப் பார்த்தாள், அதற்கு எங்கே இடம் என்று தேடுவதுபோல. பிறகு வாயைத் திறந்து அதை உள்ளே வைத்துக்கொண்டாள்.

அவள் மெதுவாக மென்றாள். மென்றபடி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் தன் முகத்தை எங்கேயும் திருப்பவில்லை. கண்ணில் வந்ததைத் துடைக்கக் கை வேண்டியிருந்தது, ஆனால் கை தொடைக்கடியில் இருந்தது. அது அப்படியே வழிந்தது.

விழுங்கினாள். அடுத்த காயை எடுத்தாள்.

மெக்கானிக் திரும்பி நின்று மழையைப் பார்த்தார். ஒரு மெக்கானிக்குக்கு மழையில் பார்க்க என்ன இருக்கிறது.

அன்றைக்கு அவள் தின்றது கொஞ்சம் பட்டாணி. முட்டையைத் தட்டி உரித்து வெள்ளையில் ஒரு கடி. மஞ்சள் கருவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் தட்டில் திருப்பி வைத்துவிட்டாள். மறுநாள் காலை கேன்டீன் அடுப்பங்கரையில், கவிழ்த்த பக்கெட்டின்மேல் அவளை உட்கார்த்தி வைத்து மாஸ்டர் சமைத்தார். அரிசியைக் களைவதற்குமுன் காட்டினார். பருப்பைக் காட்டினார். உப்பைக் காட்டினார். கரண்டியின் பின்பக்கத்தைக்கூடக் காட்டினார். அன்று மதியம் டிப்போவுக்கே சாப்பாடு தாமதம். ஒரு டிரைவர்கூட முணுமுணுக்கவில்லை. சோறு நாலு வாய், கண்முன்னே வெந்த கேரட்டில் ஒரு துண்டு. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் என் அறைக்கு வந்தார்கள். மெக்கானிக்கும் பின்னாலேயே வந்தார். பஞ்சுவை என் மேசைமேல் உட்கார்த்தினார்கள்.

"டாக்டருக்கு ஒரு லெட்டர் எழுதணும்ணே," என்றார் டிரைவரம்மா. "ஃபோன்ல சொன்னா நர்ஸோட நின்னுரும். எழுதிக் குடுத்தா கைக்குப் போகும். கடைசி வண்டி இன்னைக்கு நாந்தான் எடுக்கறேன். ஆஸ்பத்திரி வாசல்லயே குடுத்துருவேன்."

"நல்லா சாப்பிடறா, படுக்கை வேணாம்னு எழுதுங்க," என்றார் மாஸ்டர்.

"அப்படி எழுதாதீங்க," என்றார் டிரைவரம்மா.

"ஏன்? சாப்பிடலையா?"

"சாப்ட்டா. நல்லான்னு எப்படிச் சொல்றது? மறுபடியும் மறைக்கறீங்க பாருங்க."

"நீ சொல்லு," என்றார் மாஸ்டர்.

டிரைவரம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். நடந்ததை நடந்தபடி. மறைத்து வைத்ததையும், எத்தனை நாள் என்பதையும். பை, பட்டாணி, முட்டையின் வெள்ளை, கேரட். திங்கட்கிழமை சொன்னபடி வருகிறோம், எடை பாருங்கள், இன்னும் சில நாள் பொறுக்கலாம் என்றால் பொறுக்கிறோம், கூடாது என்றால் உங்கள் பேச்சைக் கேட்கிறோம் என்று எழுதினேன். அதோடு முடித்துக் கையெழுத்துக்கு நீட்டியபோது டிரைவரம்மா பேனாவை வாங்கவில்லை.

"இன்னும் ஒண்ணு. குழாய் போடறதா இருந்தா, மொதல்ல அத அவ கைல குடுங்க. தொட்டுப் பாக்கட்டும். எதுக்குன்னு அவகிட்டயே சொல்லுங்க. இத எழுதுங்க."

எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மடித்து உறையில் வைத்தேன். மடிப்பை நக்கப் போனபோது ஒரு சின்னக் கை வந்து உறையைப் பிடித்துக்கொண்டது.

"உள்ள என்ன?"

கடிதத்தை வெளியே எடுத்து இரண்டு பக்கமும் காட்டினேன். உறையை ஊதி விரித்துப் பிடித்தேன். அவள் ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தாள். விரலை விட்டு இரண்டு மூலையையும் தடவினாள். என்ன எழுதியிருக்கிறது என்றாள். ஒரு வரி விடாமல் படித்தேன். குழாய் என்ற இடத்தில் நான் நிறுத்தினேன். "படிங்க," என்றார் அவள் அம்மா. படித்தேன். பஞ்சு தன் மூக்கை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு கடிதத்தை என்னிடமிருந்து வாங்கித் தானே உறைக்குள் வைத்தாள். கோந்து தடவிய மடிப்பை, யாரும் சொல்லாமல், நாக்கை நீட்டி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நக்கினாள். முகத்தைச் சுளித்தாள். யோசித்தாள்.

"இனிப்பு," என்றாள்.

"கோந்துல என்ன போடறானுங்களோ, யாருக்குத் தெரியும்," என்று பதறினார் மாஸ்டர்.

"அது நீங்க செஞ்சதில்லல்ல மச்சான்," என்றார் மெக்கானிக், "அதான் நம்பி நக்கறா."

பஞ்சு உள்ளங்கையால் மடிப்பை அழுத்தி மூடினாள். டிரைவரம்மா உறையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, டயர்களைத் தட்டிப் பார்த்து, ஏறி உட்கார்ந்து விளக்கைப் போட்டார். நான் புறப்பாட்டு நேரத்தைக் குறித்தேன். வண்டி கேட்டைத் தாண்டித் திரும்பியது.